சுற்றிலும் தண்ணீர்... உடம்புக்குள் வறட்சி!

"டாக்டர், மூணு நாள்ல முப்பத்தோரு பந்து தண்ணியில போச்சு!"

வடக்குப்பட்டில் ஒரு மாலை நேரம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் இப்படித்தான் ஆரம்பித்தார். வயது நாற்பத்தேழு. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பெரிய பொறுப்பு. முதுகுவலிக்காக முன்பு இரண்டொரு தடவை என்னிடம் வந்தவர்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பந்து போனா போகட்டும் டாக்டர். இவருக்கு ரெண்டு நாளா யூரின் சரியாப் போகல. காலையில எழுந்தா முகம் உப்பியிருக்கு. அதை முதல்ல கேளுங்க!"

கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே வயிற்றைக் கலக்கியது. அந்தக் கதையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். 'நமக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்? அது பணக்காரங்க விளையாட்டாச்சே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இன்றைக்கு அது நடுத்தரக் குடும்பத்து வாசல் வரைக்கும் வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கொரியக் கார் கம்பெனி உற்பத்தியை ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ஜப்பான், பிரெஞ்சுக் கூட்டுக் கம்பெனியின் கார் தொழிற்சாலை திறந்தது. கூடவே உதிரிபாகக் கம்பெனிகள், அதிகாரிகள், அவர்களுடைய சாப்பாட்டுக் கடைகள். கொரியாக்காரருக்கும் ஜப்பான்காரருக்கும் கோல்ஃப் என்றால் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. மேலதிகாரி கூப்பிட்டால் நம்ம ஊர் மானேஜர் மாட்டேன் என்பாரா? ஞாயிற்றுக்கிழமை நந்தனம் மைதானத்தில் மட்டை பிடிக்கப் பழகிக்கொள்கிறார். அப்புறம் ஒருநாள், "விருந்தாளிகளோட மூணு நாள் கடற்கரை ரிஸார்ட், டிக்கெட் கம்பெனி செலவு" என்று வீட்டில் வந்து சொல்கிறார்.

நம்மவரும் அப்படித்தான் போனார். ஒரு மே மாதம். தாய்லாந்துப் பக்கம் ஒரு கடற்கரை ரிஸார்ட். மைதானத்தில் எங்கே திரும்பினாலும் குளமாம்!

குளத்தை வெட்டியது ஏன்?

கடற்கரை கோல்ஃப் மைதானங்களில் இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. விசாரித்ததில் விஷயம் ரொம்ப எளிமை. கடலோர நிலம் தட்டையானது, தாழ்வானது, மழை பெய்தால் தேங்குவது. ஓரிடத்தில் பள்ளம் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி இன்னோரிடத்தை மேடாக்கினால்தான் விளையாடத் தரை கிடைக்கும். தோண்டிய பள்ளம் குளமாகிறது. மழைத் தண்ணீர் அதில் வடிகிறது, புல்லுக்குப் பாய்ச்சவும் அதுவே உதவுகிறது. ஏரிகளுக்குப் பேர்போன காஞ்சிபுரம் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரைக்கு மண் எடுத்த இடம்தானே நமக்கும் ஏரி!

இந்தத் தண்ணீர் மைதானங்களுக்கெல்லாம் ராஜா ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஃப்ளோரிடா மாநிலத்தில், கடற்கரை ஊரான பாண்ட்டி வெட்ரா பீச்சில் உள்ள ஸாக்ராஸ் மைதானம். சதுப்புக் காடாகக் கிடந்த 415 ஏக்கரை ஒரே ஒரு டாலருக்கு வாங்கிப் போட்டார்கள். பீட் டை என்ற வடிவமைப்பாளர் அமைத்து, 1980-ல் திறந்தது. அதன் 17-வது குழி உலகப் பிரசித்தம். அந்த இடத்தில் நல்ல மணல் இருந்ததால் மைதானம் முழுவதற்கும் அங்கிருந்தே அள்ளி அள்ளி, கடைசியில் பெரிய பள்ளம்தான் மிஞ்சியது. என்ன செய்வது என்று பீட் டை விழித்தபோது, அவர் மனைவி ஆலிஸ் டைதான் யோசனை சொன்னார். பள்ளத்தில் தண்ணீரை விட்டு, குழி இருக்கும் இடத்தை மட்டும் தீவாக விட்டுவிடலாமே என்று. (மனைவி பேச்சைக் கேட்டால் உலகப் புகழ் வரும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?)

தூரம் 137 கஜம்தான். தேறிய ஆட்டக்காரருக்கு அது ஒரு சின்ன அடி. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளை அந்தத் தண்ணீரிலிருந்து எடுக்கிறார்களாம். 2005-ல் பெரிய போட்டி ஒன்றில் பாப் ட்வே என்ற அனுபவசாலி அந்த ஒரு குழிக்கு 12 அடி எடுத்துக்கொண்டார். 1985-ல் ஒரு கோல்ஃப் பத்திரிகை விளையாட்டாக, 'நாட்டிலேயே மோசமான ஆட்டக்காரர் யார்' என்று அங்கே போட்டி வைத்தது. அதில் ஜெயித்தவர், அதாவது தோற்றவர், 17-வது குழிக்கு மட்டும் எடுத்தது 66 அடி! பந்து பந்தாகத் தண்ணீருக்குத் தாரை வார்த்துவிட்டு, கடைசியில் தீவுக்குப் போகும் நடைபாதை வழியாகவே பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால் இலங்கைத் தென்கரையில் அம்பாந்தோட்டையில், 2016-ல் திறந்த கடலோர ரிஸார்ட் மைதானம் இருக்கிறது. தென்னந்தோப்பும் கடல்மேடும் பழைய நீலக்கல் சுரங்க நிலமுமாக 18 குழிகள்.

பந்து தண்ணீரில் விழுந்தால் விதிப்படி ஒரு அடி அபராதம். 2019-ல் விதிகளைத் திருத்தியபோது, தண்ணீர் இடர் என்ற பழைய பெயரையே எடுத்துவிட்டு 'அபராதப் பகுதி' என்று மாற்றிவிட்டார்கள். ஓர் அடி போனால் போகிறது, இன்னொரு பந்து போட்டுக்கொள்ளலாம். ஆனால் நம்மவர் கட்டிய அபராதம் வேறு.

என்ன நடந்தது?

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விடியற்காலை விருந்தாளிகளுக்கு முன்னால் தயாராகவேண்டும் என்ற பரபரப்பில் ஒரு காபியோடு சரி. நடுவில் பாத்ரூம் போக நேர்ந்தால் எல்லோரும் நமக்காக நிற்பார்களே என்று தண்ணீர் குடிக்கவில்லை. கொடுத்த பாட்டிலைப் பையிலேயே வைத்திருந்தார். முதுகு பிடித்துக்கொள்ளக்கூடாதே என்று காலையில் ஒரு வலி மாத்திரை, ராத்திரி ஒன்று, டைக்ளோஃபெனாக். மாலையில் பீர். இரத்த அழுத்தத்துக்கு அவர் தினமும் சாப்பிடும் மாத்திரையில் சிறுநீரைப் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. இதே மாதிரி மூன்று நாள்.

"தாகமே எடுக்கலை டாக்டர். கடல் காத்து ஜிலுஜிலுன்னு வந்துது. சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி. கண்ணுக்கே குளிர்ச்சியா இருந்துது..."

இங்கேதான் ஏமாறுகிறோம் வாசகர்களே! கண்ணுக்குக் குளிர்ச்சி வேறு, உடம்புக்குக் குளிர்ச்சி வேறு.

நம் உடம்பு சூட்டை வெளியேற்றுவது வியர்வையால். வியர்வை கொட்டினால் மட்டும் போதாது, அது ஆவியாகிப் பறக்கவேண்டும். அப்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கடலோரக் காற்றிலும் குளங்களுக்கு மேலே வீசும் காற்றிலும் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருக்கும். ஐப்பசி மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காய்கிறதா? அதே கதைதான். வியர்வை சட்டையை நனைத்துச் சொட்டிக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் இறங்காது. உடம்பு விடுமா? இன்னும் வியர்க்கவைக்கும். வெயிலில் உழைக்கிற ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வெளியேறிவிடலாம். 18 குழிகளையும் நடந்து முடிக்க நாலு, ஐந்து மணி நேரம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு சங்கடம். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மந்தமாகிவிடும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் 'தாகம் எடுத்தால் குடிப்போம்' என்று காத்திருந்தால் உடம்பு ஏற்கெனவே கடன்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது நாள் பதினாலாவது குழியில் அவருக்குக் கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடித்தது. தலைவலி. ஒரு தடவை வாந்தி. தான் அடித்த அடியையே தப்பாக எண்ணினார். கூட வந்தவர்கள் 'தோல்வியை மறைக்கிறார்' என்று கிண்டல் பண்ணினார்களாம். கண்டுபிடித்தது யார் தெரியுமா? அவருடைய கேடி.

கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் போட்டோ ஞாபகத்துக்கு வரவேண்டாம். ஆட்டக்காரருடைய மட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு கூடவே வருபவருக்கு இந்த விளையாட்டில் அதுதான் பெயர். தாய்லாந்தில் பெரும்பாலும் பெண்கள்தான் இந்த வேலை செய்கிறார்கள். நீளக்கை சட்டை, முகத்தை மூடிய துணி, தொப்பி என்று அவர்கள் வெயிலோடு வாழப் பழகியவர்கள். அந்தப் பெண் இவருடைய பேச்சுக் குழறுவதைக் கவனித்து, நிழலில் உட்காரவைத்து, ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் சுற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கவைத்திருக்கிறாள். பாஷை தெரியாது. ஆனால் வைத்தியம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவர் பிழைத்தது அந்தப் பெண்ணால்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஊருக்குத் திரும்பியும் முதுகு வலிக்கிறதே என்று இன்னும் இரண்டு நாள் அதே மாத்திரை. அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள்.

நெருஞ்சில் கஷாயம் ஏன் கொடுக்கவில்லை?

"எங்கம்மா நெருஞ்சில் கஷாயம் போட்டுக் குடுத்தா நீர் பிரிஞ்சுடும்னாங்க டாக்டர். சித்த மருந்துதானே, சைடு எஃபெக்ட் கிடையாதே" என்றார் அந்த அம்மா.

நெருஞ்சில் அருமையான மூலிகை. நீர்ச்சுருக்குக்கும் கல்லடைப்புக்கும் நானே எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஏரி வறண்டு, மதகும் பழுதாகிக் கிடக்கும்போது மதகைத் திற திற என்றால் என்ன வரும்? நாடியைப் பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. கஷாயம் எழுதவில்லை. "இப்பவே போய் ரத்தத்துல யூரியா, க்ரியாட்டினின் பாருங்க. ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு நேரா கிட்னி டாக்டர்கிட்ட போங்க. வலி மாத்திரையை இந்த நிமிஷத்தோட நிறுத்துங்க" என்று அனுப்பினேன். க்ரியாட்டினின் 3.1 இருந்தது. நல்ல நிலையில் ஆண்களுக்கு அது 1.2, 1.3-க்குள் இருக்கவேண்டியது.

சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்திலிருந்தும் அடி விழுந்திருக்கிறது. உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். அந்த நேரத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது சில ரசாயனங்களைச் சுரந்து ரத்தக் குழாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அந்த ரசாயனத்தையே தடுத்துவிடுகின்றன. மேற்கொண்டு, பிரஷர் மாத்திரைகளில் சில வகையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தனித்தனியே ஒவ்வொன்றும் நல்ல மருந்துதான். வறண்ட உடம்பில் மூன்றும் சேர்ந்ததுதான் வினை.

தெய்வாதீனமாக அவருக்கு டயாலிசிஸ் தேவைப்படவில்லை. மூன்று வாரத்தில் க்ரியாட்டினின் பழைய நிலைக்கு வந்தது. எல்லோருக்கும் அப்படித் திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

இதே வாரம் லைனில் நின்று வேலை செய்யும் ஒரு தம்பியும் வந்தான். இருபத்து நாலு வயசு. கல்லடைப்பு வலியில் துடித்தான். ஏன் தம்பி தண்ணி குடிக்கறதில்லையா என்றால், "லைனை விட்டு அடிக்கடி போகமுடியாது டாக்டர்" என்கிறான். கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்யும் பெண் பிள்ளைகள், 'வழியில எங்க போறது?' என்று காலையிலிருந்தே வாயைக் கட்டிவிடுகிறார்கள். பெரிய அதிகாரிக்குக் கோல்ஃப் மைதானத்தில் வந்ததும், இவர்களுக்குப் பஸ்ஸில் வருவதும் ஒரே வியாதியின் இரண்டு முகம். 2022-ல் தொல்லியல் துறை இதே வடக்குப்பட்டில் தோண்டியபோது பழைய கற்கருவிகளும், ரோமாபுரிக் குடத்துச் சில்லுகளும்கூடக் கிடைத்தன. அத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மனிதன் தங்கின மண் இது. தண்ணீர் இல்லாத இடத்திலா தங்கியிருப்பான்?

அடக்கக்கூடாத பதினாலு

சித்த மருத்துவத்தில் பதினாலு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாகக் கேட்கிற பதினாலு விஷயங்களை அடக்கக்கூடாது, அடக்கினால் வியாதி என்பது அதன் சாரம். தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் எல்லாம் அதில் வரும். தாகமும் உண்டு, சிறுநீரும் உண்டு. நம்மவர் மரியாதைக்காக இரண்டையும் ஒன்றாக அடக்கியிருக்கிறார்.

எண்வகைத் தேர்வில் நீர்க்குறி என்று இன்னொன்றும் இருக்கிறது. நோயாளியின் சிறுநீரின் நிறம், மணம், நுரை இவற்றைப் பார்த்து உடம்பின் நிலையைச் சொல்வது. முழுக் கலையும் உங்களுக்கு வேண்டாம். நிறம் மட்டும் பார்க்கத் தெரிந்தால் போதும். வெளிறிய வைக்கோல் நிறம் என்றால் நல்லது. நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்தால் உடனே தண்ணீர் குடிக்கவேண்டும். பால் விடாத டீ நிறத்தில் போனாலோ, ஆறேழு மணி நேரம் போகவே இல்லை என்றாலோ ஆட்டமாவது, விருந்தாளியாவது! நேரே ஆஸ்பத்திரி.

சரி, என்ன குடிப்பது, எவ்வளவு?

முந்தின ராத்திரியே ஆரம்பியுங்கள். படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர். விளையாடப் போகும் இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர். அதில் வேண்டாதது கிளம்புமுன்பே பிரிந்துவிடும், நடுவில் தர்மசங்கடம் இல்லை. மைதானத்தில் இரண்டு குழிக்கு ஒரு முறை ஒரு டம்ளர், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பது வேண்டாம். நான்கு மணி நேரம் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே பாதித் தண்ணீர், பாதி உப்பு சேர்ந்த பானம்.

உப்பு சேர்ந்த பானம் என்றால் கலர் கலராக விற்கிற பாட்டிலைத் தேடி ஓடவேண்டியதில்லை. நம் நீர்மோர் இருக்கிறதே! தயிரைக் கடைந்து, நாலு பங்கு தண்ணீர் விட்டுப் பெருக்கி, உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். மோரைப் பெருக்கித்தான் குடிக்கவேண்டும், தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும் என்று தேரையர் விதித்ததெல்லாம் நம் ஊர் வெயில் தெரிந்துதான். ஃப்ளாஸ்கில் ஊற்றி எடுத்துப்போனால் பத்துப் பன்னிரண்டு மணி வரை கெடாது. வெட்டிவேரைக் கழுவி மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்தால் மணமும் குளிர்ச்சியும் வரும். சர்க்கரை வியாதி இல்லாதவர்கள் வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்ட பானகம் குடிக்கலாம், நன்னாரி சர்பத் குடிக்கலாம். காலை ஆகாரத்துக்கு எனக்குப் பிடித்தது பழைய சோறும் மோரும்தான். ரிஸார்ட்டில் அதற்கு வழியில்லை, இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காபி மட்டும் ஆகாரம் ஆகாது.

வெளியூர் என்றால் சூட்கேஸில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு போட்டுவிடுங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் வைக்கமாட்டார்! பாக்கெட் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக்கூடாது. 'உப்பு கூட இருந்தா நல்லது' என்று அள்ளிப் போடவேண்டாம்.

இளநீர் நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து. இதயம் பலவீனமாகி, 'தண்ணீரை அளந்து குடியுங்கள்' என்று டாக்டர் சொல்லியிருப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் வெயில் விளையாட்டுக்குப் போகவே கூடாது. பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் பயணத்துக்கு முன்னால் ஒருதரம் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கான புது வகை மாத்திரைகள் சில, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நீங்களாக மாத்திரையை நிறுத்துவதும் தப்பு, கேட்காமல் போவதும் தப்பு. இன்சுலின் போடுபவர் பையில் குளுகோஸ் இருக்கட்டும்.

பீரைப் பற்றி ஒரே வரி. அது தண்ணீர் மாதிரி தோன்றினாலும், அதிலுள்ள ஆல்கஹால் சிறுநீரைப் பிரியவைக்கும், தண்ணீருக்கு ஈடாகாது.

முதுகுவலிக்கு மாத்திரையை முன்கூட்டியே விழுங்கிவிட்டு விளையாடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கோல்ஃபில் இடுப்பை முறுக்கி அடிக்கிறார்கள். எழுந்தவுடன் விறைத்த உடம்போடு அடித்தால் எந்த இடுப்பும் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிஷம் நடந்து, இடுப்பையும் தோளையும் மெதுவாகத் திருப்பிப் பழக்கிவிட்டு மட்டையைத் தொடுங்கள். ராத்திரி கற்பூராதி தைலத்தை வெதுவெதுப்பாகத் தடவி ஒத்தடம் கொடுங்கள். வலி காலுக்கு இறங்கினால், மரத்துப்போனால் விளையாட்டு வேண்டாம். அதேபோல, நீர் வற்றிய உடம்பில் பற்பம், செந்தூரம் என்று கடையில் வாங்கி நீங்களாகச் சாப்பிடக்கூடாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

பந்தைத் தேடி இறங்காதீர்கள்

நம்மவர் இரண்டு தடவை முழங்கால் ஆழம் இறங்கிப் பந்தை எடுத்தாராம். விலை உயர்ந்த பந்து! தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் போதும், எலிக் காய்ச்சல் கிருமி உள்ளே நுழைந்துவிடும். ஊருக்கு வந்து ஒன்று இரண்டு வாரம் கழித்துக் கடும் ஜுரம், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், 'குளத்தில் இறங்கினேன்' என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் டாக்டர் டெங்கு, டைஃபாய்டு என்று தேடிக்கொண்டிருப்பார். சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும் ஜுரம் அது.

இடி இடித்தால் குளக்கரையில் நிற்காதீர்கள். 1975-ல் சிகாகோ பக்கத்து மைதானம் ஒன்றில் போட்டி நடந்தபோது, லீ ட்ரெவினோ என்ற உலகப் புகழ் ஆட்டக்காரர் ஏரிக்கரையில் மட்டைப் பையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மின்னல் தாக்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் முதுகு பாதிக்கப்பட்டு அறுவை சிகிச்சை வரைக்கும் போயிற்று. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் கட்டடத்துக்குள்ளோ, கதவடைத்த காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

கூட இருப்பவர் வெயிலில் உளறினாலோ, தள்ளாடினாலோ, தோல் நெருப்பாய்ச் சுட்டாலோ கிண்டல் பண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நம் ஊரென்றால் 108. இதற்குக் கஷாயமும் கிடையாது, காத்திருத்தலும் கிடையாது.

இவ்வளவு பயமுறுத்துகிறீர்களே, கோல்ஃபே கூடாதா என்று கேட்காதீர்கள். ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 3 லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட முடிவில், அவர்களிடையே மரண விகிதம் மற்றவர்களைவிட 40 சதவிகிதம் குறைவு என்று தெரிந்தது. வசதி, உணவு, பழக்கவழக்கம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கலாம். இருந்தாலும் நாலு மணி நேர நடை நடைதானே! ஏஸி அறையில் உட்கார்ந்தே தொப்பை வளர்த்த மனிதரை நடக்கவைக்கிற எதற்கும் என் ஓட்டு உண்டு. வண்டியில் ஏறிக் குழிக்குக் குழி இறங்குபவர்களைப் பற்றிச் சொல்லவில்லை.

நம்மவர் இந்த ஜனவரியில் மறுபடி போய்விட்டு வந்தார். இந்தத் தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு. கிட்னி டாக்டர் அனுமதி கொடுத்து, பிரஷர் மாத்திரையையும் மாற்றிக் கொடுத்திருந்தார். பையில் இரண்டு ஃப்ளாஸ்க். ஒன்று அவருக்கு, ஒன்று கேடிப் பெண்ணுக்கு. திரும்பி வந்ததும் ரிப்போர்ட்டைக் காட்ட வந்தார். க்ரியாட்டினின் 1.0.

"எத்தனை பந்து இந்த வாட்டி?" என்றேன்.

"முப்பத்தஞ்சு டாக்டர்!" என்றார். பக்கத்தில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "ஆனா பாத்ரூம் ஒரு நாளைக்கு ஆறு தடவை. நான் எண்ணினேன்!"